கோப்பையில் போடாத சீனி

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று அக்காவின் வலது கால் பெருவிரலில் குத்தி ஆறு வாரமாகியும் காயம் மூடவில்லை. கொழுந்து பறிப்பவளுக்குப் பெருவிரல் போனால் சரிவில் கால் ஊன்ற முடியாது. அந்தப் பயத்தில்தான் கொட்டகலையில் அவளை இழுத்துப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினேன். ஒரு முள்ளுக் காயத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வழி முழுக்க முணுமுணுத்தாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களவர். அக்காவுக்குச் சிங்களம் சரிவராது. தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியையான நான்தான் அவளுக்காகப் பேசினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சலரோகம், அதாவது சீனி வியாதி என்று தெரிந்ததும், தேநீருக்குச் சீனி போடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். போடுவதே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அடுத்தடுத்த கிளினிக்குகளிலும் அதையேதான் சொன்னேன். மாத்திரை கூடியது, இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. கடைசியில் வார்டில் சேர்த்தார்கள்.

மறுநாள் பிளாஸ்கில் பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணியும், காகிதத்தில் மடித்த சீனியும் கொண்டுபோனேன். அக்கா சீனியை உள்ளங்கையில் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தாள். எங்கள் லயத்து வீடுகளில் எல்லாரும் அப்படித்தான், நானும்தான். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்த டாக்டர், அவள் கையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை படித்தும் கோப்பைக்குள் விழாததைச் சீனி என்றே நான் நினைத்திருக்கவில்லை.

அவர் திட்டவில்லை. நின்றபடியே விளக்கினார். காயம்பட்ட சதை, புது இரத்தக் குழாய் வேண்டும் என்று செய்தி அனுப்புமாம். குழாயின் உட்சுவரிலுள்ள உயிர்க்கலங்கள் அதை வாங்கி வளர வேண்டும். இரத்தத்தில் சீனி கூடியே கிடந்தால், செய்தியை வாங்கும் பகுதிகள் கலத்தின் மேற்பரப்புக்கு வருமுன்னே உள்ளுக்குள் சிதைந்துவிடுகின்றன. செய்தி வருகிறது, வாங்க ஆளில்லை. குழாய் வளராத இடத்தில் புண் ஆறுவதும் கஷ்டம்.

அக்காவிடம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "காலைப் பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிடுற மாதிரிதான்க்கா. கூப்பிடுறது கேக்காததால ஒருத்தரும் வேலைக்கு வரல."

அவள் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன நாளா கூப்பிடுது?" என்றாள்.

அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சீனியை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. என் வாயால்தான் போச்சு என்று ஒரு நாள் அவளிடம் அழுதேன். தானும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். அவளுக்கு என்மேல் கோபமில்லை என்றே நினைத்தேன்.

அடுத்த கிளினிக்கில், என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"நீ இரு," என்றாள் அக்கா. பிறகு அவர் பக்கம் திரும்பி, தெரிந்த நாலு சிங்களச் சொல்லோடும் கைச்சாடையோடும், காலையிலிருந்து வாயில் போட்ட ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறி அவளே சொன்னாள்.