நடுங்கும் கைக்கு ஒரு கமரா

என் கைகள் நடுங்கும். இருபத்திரண்டு வயதில் தொடங்கியது. உயிருக்கு ஒன்றும் செய்யாது, இப்படியே பழகிக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நானும் பழகினேன். மறைக்கத்தான் பழகினேன். கல்யாண வீடுகளில் தேநீர்க் கோப்பையை நீட்டினால் "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பேன். நான் வேலை செய்யும் தபாலகத்தில் பதிவுத் தபாலுக்குப் பற்றுச்சீட்டு எழுதும்போது இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அந்த நேரத்தில் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் என் மனைவி படம் எடுத்துத் தரச் சொன்னாள்.

அவள் மண்டூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியை. நாங்கள் இருப்பது வாவிக்கு இந்தக் கரையில். காலையில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு 'பாதை'யில் கடந்து போவாள். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் அந்தத் தட்டையான படகுக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கரப்பந்தாட்ட அணியை அவள் ஒற்றை ஆளாக உருவாக்கி வைத்திருந்தாள். பந்து இரண்டு, வலை ஒன்று, பிள்ளைகள் ஒன்பது பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஒபிஸ் சுவரில பெடியன்ட கிரிக்கெட் படம் எத்தின தொங்குது தெரியுமா? என்ட புள்ளைகள்ற படம் ஒண்டும் இல்ல. அதிபரோட வரிசையா நிண்டு எடுத்தது ஒண்டு இரிக்கி, அவ்வளவுதான். எழும்பி அடிக்கிற மாதிரி ஒண்டு வேணுமாம், கேக்காளுகள். நீங்க எடுத்துத் தாங்களன்."

நான் சோற்றுக் கையைத் தூக்கிக் காட்டினேன். அது ஆடிக்கொண்டிருந்தது.

"கை ஆடினா ஆடட்டும். கண் நல்லாத்தானே இரிக்கி" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

முதலில் போனில் எடுத்துப் பார்த்தேன். பந்து வெள்ளைக் கோடாக வந்தது. பிள்ளைகளுக்குக் கைகள் இருந்தன, முகங்கள் இல்லை. மனைவி அவற்றை அணியின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். "டீச்சர், இது நானா, அவளா?" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. நல்ல கமரா ஒன்று இல்லாமல் இது நடக்காது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் படித்தேன். தபாலகத்தில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். படத்தில் எத்தனை கோடிப் புள்ளி என்பது விளையாட்டுக்குப் பெரிய விஷயமில்லை என்று அறிந்துகொண்டேன். ஒரு செக்கனுக்கு எத்தனை படம் எடுக்கும், ஓடுகிற ஆளைக் குவியம் விடாமல் பின்தொடருமா, லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் வாங்கும், தூரத்தை எவ்வளவு கிட்டக் கொண்டுவரும், இவைதான் முக்கியம். ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னதை அடுத்த வீடியோவில் இன்னொருவர் வெட்டினார். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். என் எழுத்தை எனக்கே வாசிக்க முடியவில்லை.

"இவ்வளவு படிச்சிரிந்தா இன்னொருக்கா கெம்பஸ் போயிரிக்கலாம்" என்றாள் மனைவி.

உண்மையில் தாமதத்துக்குக் காரணம் படிப்பு இல்லை. கடைக்குப் போனால் கமராவைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். விற்கிற மனிதன் என் கையைப் பார்ப்பான். அதுதான். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை, பாடசாலையில் ஏதோ கூட்டம் முடிந்து சாரியோடு வந்தவள், வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே மோட்டார் சைக்கிள் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டு "ஏறுங்க" என்றாள். "எங்க?" என்றேன். "காத்தான்குடிக்கு" என்றாள்.

பிரதான வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் இருந்தது அந்தக் கமராக் கடை. உரிமையாளர் எங்கள் வயதுக்காரர். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர், கமராக்கள் வாங்கி விற்பதும் உண்டு.

"என்னத்த எடுக்கப் போறீங்க சேர்?" என்று கேட்டார்.

"கரப்பந்தாட்டம். இவ டீச்சர், இவட புள்ளைகள் விளையாடுறத" என்றேன்.

அவர் இரண்டு கமராக்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று புதியது, சின்னது, பாரமே இல்லை. மற்றது பழையது, பெரியது. விளையாட்டுப் படங்கள் எடுத்த ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். மூலைகளில் கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் தெரிந்தது.

புதியதை எடுத்தேன். அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லை, பின்னாலிருக்கும் திரையைப் பார்க்கக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். நீட்டியதும் கை நன்றாக ஆடியது. கடைக்காரர் பார்த்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "இது நல்லம் சேர். கை ஆட்டத்த இதே சரிபண்ணிக்கொள்ளும்" என்றார். என் காது சுட்டது. கமராவை வைத்துவிட்டு வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன்.

என் மனைவி இயல்பாகக் கேட்டாள்: "எழும்பிப் பாயிற புள்ளைய அது நிப்பாட்டுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். விற்றுவிட வேண்டும் என்பவராக இருந்தால் ஓம் என்றிருக்கலாம்.

"இல்ல டீச்சர்" என்றார். "அது நம்மட கையத்தான் நிப்பாட்டும். பாயிற ஆள நிப்பாட்ட ஷட்டர் வேகம் வேணும். செக்கன்ல ஆயிரத்தில ஒரு பங்கு எண்டு வைங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த வேகத்தில எடுத்தா ஆர்ர கையும் ஆடாது சேர். என்ட கையும் உங்கட கையும் ஒண்டுதான்."

இருபது வருடத்தில் என் கையைப் பற்றி யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நான் பழைய கமராவை எடுத்தேன். நல்ல பாரம். அதைக் கண்ணோடு சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. புருவத்தில் ஒரு பக்கம் முட்டியது, முழங்கைகள் இரண்டும் தாமாக விலாவில் வந்து ஒட்டிக்கொண்டன. துவாரத்துக்குள் தெரிந்த படம் ஆடியது, ஆனால் கொஞ்சமாகத்தான் ஆடியது.

"ரெண்டிலயும் எடுத்துப் பாத்துத்தான் சொல்லுவம்" என்றாள் மனைவி. கைப்பையை என்னிடம் தரப் போனவள், என் கை நிறைந்திருப்பதைக் கண்டு தோளிலேயே மாட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினாள். "எடுங்க" என்றாள்.

"என்னத்த?"

"நான் பாயிறன்."

நாற்பத்தொரு வயது, சாரி, பாடசாலைக் கூட்டத்துக்குக் கட்டிய கொண்டை. எதிர்க்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் மடிப்பதை நிறுத்தினார். அவள் இல்லாத ஒரு வலைக்கு முன்னால் நிற்பதுபோல நின்று, இரண்டு எட்டு ஓடிவந்து, இல்லாத ஒரு பந்தை அறைந்தாள். இரண்டு கமராவுக்குமாக ஆறு தரம் பாய்ந்தாள். ஆறாம் தரம் கொண்டை அவிழ்ந்தது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். புதியதில் பின்னாலிருந்த கடைப் பெயர்ப்பலகை எழுத்து எழுத்தாகத் தெரிந்தது, அவள் புகைபோல இருந்தாள். பழையதில் அவள் முகம் இருந்தது. நிலத்திலிருந்து இரண்டு கால்களும் எழும்பி, ஒரு செருப்பு காலைவிட்டு விலகி, பை காற்றில், உதடு கடித்த முகம். பல வருடம் கூடவே இருந்திருக்கிறேன், அவள் அடிக்கும்போது உதட்டைக் கடிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

"இதுதான்" என்றேன். என் கொப்பியை நான் திறக்கவேயில்லை.

முதல் போட்டியைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அறுநூற்றுச் சொச்சம் படம் இருந்தது. அவ்வளவிலும் வலை மிகத் தெளிவாக விழுந்திருந்தது. ஒவ்வொரு முடிச்சையும் எண்ணலாம். வலைக்குப் பின்னால் பிள்ளைகள் மங்கலாக நின்றார்கள்.

மனைவி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். "வலை நல்ல வலைதான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைக்காரருக்கு அடிச்சிக் கேளுங்க" என்று போனை எடுத்துக் கையில் தந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "குவியப் புள்ளி எல்லாத்தையும் கமராட்ட விட்டுட்டீங்க போல. நடுப்புள்ளி ஒண்ட மட்டும் வைங்க சேர், அத புள்ளட சட்டை நம்பரில வைங்க. வலைக்கு நேர நிக்க வேணாம், கம்பத்துப் பக்கம் போங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்குப் போய்க் கம்பத்தோரம் நிலத்தில் உட்கார்ந்தேன். ஏழாம் நம்பர்ப் பிள்ளை பந்தெடுக்க வந்தவள் என் கையைப் பார்த்து நின்றாள். "சேர், குளிருதா?" என்றாள். நல்ல வெயில்.

"இல்ல மகள். எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்றேன். யாரிடமும் அப்படி நேராகச் சொன்னதில்லை. அவள் "ஆ" என்றுவிட்டுப் பந்தோடு ஓடிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அன்றைக்கு அவளைத்தான் பிடித்தேன். இரண்டு கால்களும் நிலத்தில் இல்லை. வலது கை பின்னால் வளைந்து, பந்து உள்ளங்கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. கண்கள் பந்தில். பின்னால் வாவி, மங்கலாக. திரையில் அதை இன்னொரு தரம் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை. தாய் மறித்துவிட்டாராம். வெயிலில் கறுத்துப் போகிறாள், இதால் என்ன கிடைக்கப் போகிறது என்றாராம். மனைவி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடிப்பித்தாள். இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி நடுவே, வயல்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும் கிரவல் ரோட்டில் கடைசி வீடு. தாய் வயல் வேலையால் அப்போதுதான் வந்திருந்தார். படத்தை நீட்டியதும் வாங்கவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்துதான் வாங்கினார்.

வெகுநேரம் பார்த்தார்.

"கால் நிலத்தில இல்லையே" என்றார். பிறகு கொஞ்சம் பயந்தவர்போல, "மறுகா விழுந்திட்டாளா?"

"விழல்ல" என்றாள் என் மனைவி. "நல்லா ஊண்டி நிண்டாள். பொயிண்டும் எடுத்தாள்."

"எப்ப இது?"

"போனதுக்கு முந்தின சனி. நீங்க வட்டையில நிண்ட நேரம்."

தாய் படத்தைத் திருப்பி வெறும் வெள்ளைப் பின்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி திருப்பினார். பிள்ளை கதவோரம் நின்று தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எழும்பும்போதுதான் தாய் கேட்டார்: "அடுத்த விளையாட்டு எப்ப டீச்சர்?"

அவர் வந்தார். அந்த அணியின் போட்டி ஒன்றைப் பார்க்க வந்த முதல் தாய் அவர்தான். குடையோடு வந்து, வேறு யாரையும் தெரியாததால் என் பக்கத்தில் நின்றார். இரண்டாவது சுற்றில் எங்கள் பிள்ளைகள் பின்தங்கிக்கொண்டிருந்தார்கள். தாய் எட்டி எட்டிப் பார்த்தார். மைதானத்தின் மறுகரையில் நின்ற மகளின் முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"இஞ்சால வாங்க. இதால பாருங்க" என்று கமராப் பட்டியைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். என் கையும் நடுங்கியது, பாரமான சாமானை வாங்கிய பதற்றத்தில் அவர் கையும் நடுங்கியது. கண்ணை வைத்ததும் "அம்மாடி" என்றார். "கிட்டத்தில நிக்காளே."

சரிவரப் பிடிக்கத் தெரியாமல் அவர் விரல் பொத்தானில் அழுந்திவிட்டது. கமரா படபடவென்று எடுக்கத் தொடங்கியது. அவர் பயந்து என்னைப் பார்த்தார். "பறவாயில்ல, எடுங்க" என்றேன். ஆட்டம் முடியும்வரை அவரே வைத்திருந்தார். நான் கேட்கவில்லை.

அன்று எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். ஏழாம் நம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தாய் அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, குடையை அவள் பக்கம் சரித்துப் பிடித்தபடி கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து, சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே நானும் மனைவியும் படங்களைப் பார்த்தோம். என்னுடையவை முடிந்து தாய் எடுத்தவை தொடங்கின. பந்து ஒன்றிலும் இல்லை. பந்து எங்கே போனாலும் அவர் போகவில்லை. மகள் நிற்கிறாள், மகள் முழங்கால் பட்டியை இழுத்துவிடுகிறாள், மகள் தண்ணீர் குடிக்கிறாள், மகள் பக்கத்துப் பிள்ளையின் முதுகில் தட்டுகிறாள். ஒன்றில் மகள் தாய் நிற்கும் பக்கம் திரும்பி, தன்னைப் பார்ப்பது தாய்தான் என்று தெரிந்து, வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். கமரா கொஞ்சம் சரிந்திருந்தது. தலையில் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

என் மனைவி அதிலேயே நின்றுவிட்டாள். "அதிபரிட்ட கேட்டிட்டன். திங்கக்கிழமை ஒபிஸ் சுவரில மாட்டலாமாம்" என்றாள். "மத்த எட்டுப் புள்ளைகளுக்கும் நீங்க எடுத்த படங்கள் இரிக்கி. இவளுக்கு மட்டும் தாய் எடுத்த இத மாட்டுவமா?"

"இதத்தான் மாட்டணும்" என்றேன்.