வலிக்குப் பத்து மார்க்

எலும்புப் பிரிவில் அவளுக்கு ‘மார்க்கு அக்கா’ என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் நின்றே நர்ஸ் வேலை பார்த்ததில் வலது கால் பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அடிமூட்டு கோலிக்குண்டு போலப் புடைத்துவிட்டது. நிற்க முடியாதவளை ஆராய்ச்சிக்கு உதவ உட்கார வைத்தார்கள்.

ஆராய்ச்சியும் அதே விரலைப் பற்றித்தான். சாய்ந்த எலும்பை வெட்டி நேராக்கினால், அது கூடும்வரை எதையாவது வைத்துப் பிடித்திருக்க வேண்டும். மூத்த டாக்டர் கம்பி செருகுவார். விரல் நுனியில் அது நீட்டிக்கொண்டிருக்கும், ஆறு வாரத்தில் உருவிவிடலாம். இளைய டாக்டர் ஸ்க்ரூ முடுக்குவார். அது உள்ளேயே தங்கிவிடும். எது மேல்? அறுபத்து நான்கு பேருக்குப் போன் போட்டு, ‘பத்துக்கு எவ்வளவு வலி?’ என்று கேட்டு எழுத வேண்டும். தப்பு செய்யவே வழியில்லாத வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடிவு வரட்டும், ஜெயித்ததைப் போட்டுக்கொள்ளலாம் என்று தன் ஆபரேஷனை இரண்டு வருஷம் தள்ளிப் போட்டாள்.

“ஊர்க்காலுக்கெல்லாம் பரீட்சை வச்சு முடி. அதுக்குள்ள உன் கால் ரிட்டயர் ஆயிடும்,” என்றார் கணவர்.

முடிவு கிட்டத்தட்ட வந்துவிட்டது. கம்பிக்கு எட்டரை வலி, ஸ்க்ரூவுக்கு இரண்டு. திங்கட்கிழமை அவளுக்கு ஸ்க்ரூ என்று தேதி குறித்தாயிற்று. பாக்கி ஒரே ஒரு போன்: கம்பி வைத்துக்கொண்ட பஸ் கண்டக்டர்.

“பத்துக்குப் பத்து போட்டுக்குங்க சிஸ்டர்.”

“ஐயோ, இன்னுமா அவ்வளவு வலிக்குது?”

“வலியா? நேத்து நாலு மாடி ஏறி இறங்கினேன். மார்க்கு நம்ம டாக்டருக்கு. தங்கமான மனுஷன், உக்கார வச்சுப் பேசுவாரு. குறைச்சுப் போட்டா அவர் பேரு கெட்டுடாது?”

போனை வைத்த கையோடு ஸ்க்ரூ போட்டுக்கொண்ட தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

“ரெண்டுன்னு சொன்னீங்களேம்மா?”

“அதுவே ஜாஸ்தி! அந்த ஆளு என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசினாரா? கால் தரையில பட்டா உயிர் போகுது!”

இரண்டு வருஷமாக அவள் விரலை அளக்கவில்லை. டாக்டர்களின் வாயை அளந்திருக்கிறாள்.

ஆராய்ச்சியை நடத்தும் தலைமை டாக்டர் கொதித்தார். “ஒரு தடவைகூடவா சந்தேகம் வரல?”

“உங்களுக்கு வந்துச்சா சார்? மார்க் டேபிளப் பாத்துக் கை தட்டினீங்களே.”

திங்கட்கிழமையை ரத்து செய்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு நாள் மறுபடி போன். ‘யாருக்கும் மார்க் இல்லைங்க, உங்க கால் எவ்வளவு வலிக்குது?’ என்று தொண்டை கட்டக் கேட்டாள். கம்பிக்கு மூன்று வந்தது. ஸ்க்ரூவுக்கும் மூன்று.

“ரெண்டும் ஒண்ணுதான். இப்ப உங்களுக்கு எதைப் போட?” என்றார் தலைமை டாக்டர்.

“எதையாவது போடுங்க சார். பேசுற டாக்டர் போடட்டும்.”

“அவர் போன வாரமே ரிட்டயர் ஆயிட்டாரேம்மா. நீங்க உள்ள போன்ல இருந்தப்பதான் கேக் வெட்டினோம்.”

இளைய டாக்டரின் அறைக்கு நொண்டிக்கொண்டே போனாள். அவர் நிமிரவில்லை.

“வியாழக்கிழமை. வெறும் வயித்துல வாங்க.”

“ரொம்ப வலிக்குமா சார்?”

அதற்குள் அவர் அடுத்த ஃபைலைத் திறந்திருந்தார்.