தேன் நிறக் கதவுகளில் குங்குமம்

கல்பாக்கம் குவார்ட்டர்ஸை விட்டு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சொந்த வீட்டுக்குப் போனபோது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். மற்ற அறைகளின் நிறங்களை அப்பாவிடம் விட்டுவிட்ட அம்மா, சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு மட்டும் மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயினைத் தானே பார்த்தாள். தச்சர் வெட்டிப்போட்ட தேக்குத் துண்டுகளில் வால்நட், மகோகனி, தேன், ரோஸ்வுட் என்று பூசினாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பெயர் எழுதுவது என் வேலை. காலை வெயிலில், டியூப்லைட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் என்று ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, தேன் என்றாள். மகோகனியில்தான் அழுக்குத் தெரியாது என்றார் அப்பா.

"தெரிஞ்சாத்தானே துடைக்க முடியும்" என்றதோடு அம்மா பேச்சை முடித்துவிட்டாள்.

பாலிஷ்காரர் வருவதற்குள் கிரகப்பிரவேச முகூர்த்தம் வந்துவிட்டது. கதவுகள் பூச்சில்லாத வெறும் மரமாகவே நின்றன. பால் காய்ச்சியதும் அவற்றுக்குப் பொட்டு வைக்க வேண்டும். அம்மா குங்குமக் கிண்ணத்தை அத்தையிடம் நீட்டினாள். அத்தை அப்பாவின் அக்கா, நல்ல உயரம். மாமா இறந்தபிறகு எங்களோடுதான் இருந்தாள். அப்பாவின் சித்தி, "ஏம்மா, இப்படிக் கொடு, நான் வைக்கிறேன்" என்று முன்னால் வந்தார்.

"அண்ணி வைக்கட்டும்" என்றாள் அம்மா. நீட்டிய கை அப்படியே இருந்தது.

அத்தை கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு, காய்ந்த மரத்தில் குங்குமம் உதிர்ந்துவிடும் என்று நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுக் குழைத்து, ஒரு கதவு விடாமல் எட்டணாக் காசு அகலத்துக்குப் பொட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் வந்த பாலிஷ்காரர் பொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, மரம் எண்ணெய நல்லா குட்ச்சிகீது. இது மேல ஸ்டெயின் ஏறாது. உப்புத்தாளு போட்டு ஆழமா தேய்ச்சிடலாம். இல்லாங்காட்டி மகோகனி கலரு பெயிண்டு அட்ச்சி மூடிக்கலாம்."

அப்பாவின் முகத்தில் மகோகனி மலர்ந்தது.

அத்தைதான் முதலில் உப்புத்தாளை எடுத்தாள். "பாத்துப் பாத்து எடுத்த கலரு, என்னால கெட்டுப்போச்சே. நானே தேய்ச்சுடறேன்."

அம்மா அதை வாங்கிப் பாலிஷ்காரரின் பையில் திரும்பப் போட்டாள். "தேன் கலர்தான். பொட்டைச் சுத்திப் பூசுங்க."

"கறை மாறி தெரியும்மா. பாக்கறவன் எவன்டா இத்த அட்ச்சான்னு என்னத்தான் கேப்பான்."

"நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவர் தயங்கிக்கொண்டே நின்றதால் துணியை அம்மாவே எடுத்துக்கொண்டாள். மர ரேகை ஓடும் திசையிலேயே இழுத்தாள். காய்வதற்குள் மிச்சத்தைத் துடைத்தாள். பொட்டின் விளிம்பு வந்தபோதெல்லாம் துணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். கடற்காற்றின் ஈரத்தில் பூச்சு சீக்கிரம் காயவில்லை. அவளும் அவசரப்படவில்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை. பொட்டுகளை ஏன் அழிக்க வேண்டும் என்று காரணங்களை வரிசையாக அடுக்கினேன்: பார்க்க அசிங்கம், வார்னிஷ் சரியாகப் பிடிக்காது, என் சிநேகிதிகள் சிரிப்பார்கள். அம்மா பொறுமையாகக் கேட்டாள். "எல்லாம் சரிதான்" என்றுவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்தவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். எல்லாரிடமும் அம்மா, "எங்க அண்ணி வெச்சது" என்றாள். அப்போதெல்லாம் அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மேல்வரிசைக் கதவுகள் எட்ட வேண்டுமே என்றுதான் அன்று அம்மா உயரமான ஆளாகப் பார்த்துக் கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறாள் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.