புள்ளியம்மாவின் மடக்கு நாற்காலி

பெண்கள் வாலிபால் அணிக்குப் பத்தொன்பது வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த வயதில் ஒரு அம்மா மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு, நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் புள்ளி வைப்பார் என்று யார் கண்டது? ஆடுகிறவர்களை ஆராய்ந்தால் நியாயம். பயிற்சியாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் இவருடைய ஆராய்ச்சியாம்! பிள்ளைகள் புள்ளியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பதினொரு வருடம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். நிம்மதியான அந்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறார். டேப்லட்டில் திட்டு, பாராட்டு, திருத்தம் என்று கட்டங்கள். யாரிடம் சொன்னேன் என்பதற்குத் தனி வரிசை. "அத்தை, மாத்திரை மேசை மேலதான் இருக்கு" என்று போனில் மாமியாரிடம் கிசுகிசுக்கும்போதும் இன்னொரு கை புள்ளி வைத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பாதி ஆட்டத்தில் மழை கொட்டியது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"சார், இப்ப யாரைத் திட்டினீங்க?"

"மழையை!"

"மழைக்கு வரிசை இல்லையே" என்று அந்தப் புள்ளியை அழித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மொத்தம் பன்னிரண்டு நாள் கணக்கு. நடுவில் எதுவும் சொல்லமாட்டார். "இதுவரைக்கும் என்னதான் வந்திருக்கு, சொல்லுங்களேன்" என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

"இப்ப சொன்னா நீங்க மாறிடுவீங்க சார். அப்புறம் நான் பாக்குறது நிஜமா இருக்காது."

"நான் என்ன பச்சோந்தியா?"

டேப்லட்டைத் தட்டினார். அதற்கும் ஒரு புள்ளி.

ஒன்பதாம் நாள் என் தலையில் இடி விழுந்தது. பந்தைத் தூக்கிக் கொடுக்கிற பெண், எங்கள் செட்டர், இனி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். போட்டிக்கு மூன்றே வாரம். அவள் இல்லையென்றால் முதல் சுற்றிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டுக்குப் போன் செய்தால், "அவளுக்கு இஷ்டமில்லையாம் சார்" என்று அவள் அம்மா வைத்துவிட்டார்.

மறுநாள் புள்ளியம்மாவிடம் வெடித்தேன். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவளைத் திட்டியிருக்கேனா? நீங்களே சொல்லுங்க!"

அவர் புள்ளி வைப்பதை நிறுத்தினார். எழுந்து வந்து என் சட்டையிலிருந்த மைக்கை அணைத்தார். டேப்லட்டை என் பக்கம் திருப்பினார். பந்தைப் பிடிக்கவே தடுமாறுகிற ஒரு பெண்ணின் வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி. செட்டரின் வரிசையில் ஆறு.

"அந்த ஆறுலயும் நாலு, பந்தை எடுத்துட்டு வான்னு சொன்னது சார்."

"அவ நல்லா ஆடுறவம்மா! அவகிட்ட சொல்ல என்ன இருக்கு?"

"'நல்லா ஆடுறே'ன்னு சொல்லியிருக்கலாமே."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணாம் நாளே."

"மூணாம் நாளா! பாத்துக்கிட்டு சும்மாவா இருந்தீங்க?"

"சொன்னா ஆராய்ச்சி கெட்டுடும்னு இருந்தேன்." அவர் டேப்லட்டை மூடினார். "தப்புதான் சார். இப்பச் சொல்லிட்டேன், இனி உங்க அணி கணக்குல சேராது. முதல்லேருந்து வேற அணியத் தேடணும்."

அவரைக் கோபிப்பதா, என்னைக் கோபிப்பதா? தலையில் அடித்துக்கொண்டு நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பத்தொன்பது வருடம் கத்தியே பழகியவன், அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பேசினேன். "நீ குடுக்கிற பந்துலதாம்மா இந்த அணியே நிக்குது. எப்பவோ சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் தப்பு" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் வந்தேனா வரலையான்னே உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன் சார்."

திங்கட்கிழமை வந்துவிட்டாள். மூன்றாவது பந்தை வலைக்கு மேல் அப்படியே நிறுத்திக் கொடுத்தாள். "அருமையா குடுத்தேம்மா!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவள் சிரித்தாள். பழக்கதோஷம், உடனே ஓரத்தைப் பார்த்தேன். நாற்காலியைக் காணோம்.

எரிச்சலாக வந்தது. பத்து நாள் உட்கார்ந்து என் உயிரை எடுத்த மனுஷி, இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?