புதுப்பொண்ணுக்கு ஒரு சாட்சி

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயம் எங்கள் ஊர் காஜா பெராங்கில் எல்லார் வாயிலும் குடியுரிமைப் பத்திரம்தான். இல்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்களாம். நான் எட்டு வயதில் கப்பலில் வந்தவள். பிள்ளைகள் மூன்றும் இங்கே பிறந்தவை. என்னை மட்டும் ஏற்றிவிட்டால்? நினைத்தாலே சோறு இறங்காது.

பத்திரத்துக்கு, நம்மை வெகுகாலமாகத் தெரிந்தவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு என்ன குறைச்சல்? லோரி ஓட்டுகிறவர். இளவட்ட வயதில் பந்து விளையாடிய கூட்டாளிகள் அப்படியே இருந்தார்கள். அதற்குமேல் வேலையிடத்து ஆட்கள், தேத்தண்ணிக் கடை ஆட்கள் என்று வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனார்கள். ஒருவரைக் கேட்டார், நாலு பேர் கிளம்பினார்கள். எனக்கு? ரப்பர் தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவர்களில் ஒருத்தியைச் சிகாமட்டில் கட்டிக்கொடுத்தார்கள், ஒருத்தியைக் குளுவாங்கில். உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது.

"உங்க கூட்டாளி யாராச்சும் எனக்கும் சொல்லக்கூடாதா?"

"அவனுங்களுக்கு உன்னைத் தெரியுமா?" என்றார்.

ஒன்பது வருஷமாக என் கைச்சோறு தின்றவர்கள்! பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சொன்னது நிஜம். அடுப்படியில் தட்டை வாங்கிப்போய்ப் பரிமாறியவர் இவர்தான்.

கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். தினம் பைப்படியில் பேசுகிறவள், என் மூன்று பிரசவத்துக்கும் கூட நின்றவள். "நான் சொல்லாம வேற எவடி சொல்லுவா? கெளம்பு" என்றாள்.

அதிகாரி மலாய்க்காரர், மரியாதையானவர். என்னைக் காட்டி அக்காவிடம், "நாமா டியா சியாப்பா?" என்று கேட்டார். பெயரைத்தான் கேட்டார்.

"புதுப்பொண்ணு" என்றாள் அக்கா, சட்டென்று.

கல்யாணமாகி வந்த வாரம் பைப்படிப் பெண்கள் வைத்த பேர் அது. மூன்று பெற்ற பிறகும் அதுவேதான். அதிகாரி மனுவைப் பார்த்தார். அதில் வேறு பெயர். "சரி, இவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னிடம் திரும்பினார். அக்கா என்று வாய்வரை வந்தது. ஐயோ, எனக்கும் தெரியவில்லை!

அவர் மனுவில் குறுக்கே என்னவோ எழுதி, தனியாக இருந்த ஒரு காகிதக் கட்டுக்குள் வைத்தார். இந்தச் சாட்சி செல்லாது, போகலாம் என்று கையைக் காட்டினார்.

ரோட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் பேரு என்னடி?" என்றாள். சொன்னேன். மறந்துவிடக் கூடாதென்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"இனிமே யாரு அக்கா கேக்கப்போறாங்க?" என்றேன். அவள் என் பேரை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.