கூரையைக் கீழிருந்து பார்த்த நாள்

பெயின்டர் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. சுவருக்குப் பட்டி பார்ப்பதிலிருந்து ஜன்னல் கம்பிக்கு வண்ணம் அடிப்பது வரை இருபத்திரண்டு வருட அனுபவம். பழைய நீதிமன்றக் கட்டடத்தைப் புதுப்பித்து தேசிய வரலாற்று அருங்காட்சியகம் ஆக்கப்போகிறோம், நிதானமான கை வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். வந்த நாற்பது பேரில் ஐந்து பேரைத்தான் பொறுக்கினார்கள். அதில் அக்காவும் ஒருவர்.

பதினான்கு மாதம், நடுக்கூடத்தின் கூரை ஓவியத்துக்கு அடியில் சாரம் கட்டி, பலகை பரப்பி, மல்லாந்து படுத்தபடி வேலை. காலங்காலமாக அப்பியிருந்த விளக்குப் புகையை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். உதிர்ந்த இடத்தில் மட்டும் மெல்லிய பிரஷால் வண்ணம் வைக்க வேண்டும். மூக்குக்கும் கூரைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. துடைப்பது எதை என்றே தெரியாது. இன்றைக்குப் பழுப்பு, நாளைக்கு நீலம், அவ்வளவுதான். சாரத்தைப் பிரிக்கும் முன்பே அவருடைய வேலை முடிந்துவிட்டது.

திறப்பு விழா முடிந்த முதல் ஞாயிறு, விடிந்தும் விடியாமலும் கணவரை உலுக்கி எழுப்பினார். அவர் பஸ் கண்டக்டர். வாரத்துக்கு ஒரே ஒரு லீவு.

“பத்து மணிக்குத்தான் தெறப்பாங்க. இப்பவே போய் கேட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போறியா?”

“பேசாம சட்டைய மாட்டுங்க.”

உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் வாள், நாணயம், பழைய வரைபடம் என்று என்னென்னவோ இருந்தன. அக்கா ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே நடுக்கூடத்துக்குப் போய் அண்ணாந்தார்.

கடல். கடல் கொள்ளாத கப்பல்கள். கரையில் மூட்டை இறக்கும் ஆட்கள். நடுவே, மிரண்டுபோய் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஒரு குதிரை.

“என்னங்க! மூணு வாரமா குதிரை மூக்கையா தொடைச்சேன்? நான் பாறைன்னுல்ல நெனச்சேன்!”

கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்த வழிகாட்டிப் பெண், “இந்த ஓவியத்த நிபுணர்கள்தான் மீட்டெடுத்தாங்க” என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள்.

“அதுல ஒரு நிபுணர் இதோ நிக்கிறாங்க!” என்றார் கணவர். பஸ்ஸின் கடைசி சீட்டு வரை எட்டிப் பழகிய குரல்.

“நெஜமாவாக்கா? எவ்வளவு கரி இருந்துச்சு?” என்று கேட்டாள் வழிகாட்டி.

அக்காவின் கை தானாக உயர்ந்தது. “அந்த மூலையில கறுப்பா ஒரு சதுரம் தெரியுதா? அத வேணும்னேதான் தொடைக்காம விட்டோம். மொத்தக் கூரையும் அந்த நெறத்துலதான் இருந்துச்சு.”

“அடேயப்பா!” என்றது கூட்டம்.

“படுத்துக்கிட்டே செஞ்சீங்களே, கரி வாயில விழாதா?” என்று ஒருவர் கேட்டார்.

“வாயத் தெறக்கவே மாட்டோம்.”

“அந்தப் பழக்கத்த மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரல” என்றார் கணவர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அக்கா அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். காவலாளி ஓடி வந்தார். “இங்கெல்லாம் படுக்கக் கூடாதும்மா!”

“அஞ்சே நிமிஷம், சார்” என்று கெஞ்சிய வழிகாட்டி, தானும் அக்கா பக்கத்தில் படுத்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். அக்கா விரலை நீட்டி நீட்டி, எந்த அலை எந்த மாதத்து வேலை என்று சொல்லிக்கொண்டே போனார். காவலாளியும் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்தார்.

அடுத்த ஞாயிறு, தன்னோடு வேலை பார்த்த நால்வரையும் திரட்டிக்கொண்டு அக்கா மறுபடி போனார். கப்பல் பாய்மரத்தைத் துடைத்தது யார் என்று அங்கே ஒரு மணி நேரம் சண்டை நடந்தது.