லாரியை நிறுத்திய அம்மன்

போன வாரம் அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். அங்கே ஸ்டாப்பிங் இல்லை. யாரும் இறங்கவுமில்லை. டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்டக்டர் ஜன்னல் வழியாக எட்டணா வீசினார்.

பக்கத்து சீட்டுக்காரர், "கும்பிட்டுக்குங்க சார், பவர்ஃபுல் அம்மன்" என்றார்.

எனக்கு அந்த அம்மனைத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பெயிண்ட் அடித்தபோது டப்பா பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

கதிரவன் என்று எனக்கு ஒரு சிநேகிதன். திருச்சியில் ஒரு விளம்பரக் கம்பெனியில் டிசைனர். சோப்புக்கும் ஊதுபத்திக்கும் படம் போடுவது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் சமூகத்தைத் திருத்துவான். கூலி உயர்வு, தீண்டாமை, குடி – எதுவானாலும் அவனிடம் ஒரு போஸ்டர் உண்டு. கறுப்புச் சட்டைக்காரன். கோயில் வாசலில் மழைக்குக்கூட ஒதுங்கமாட்டான்.

பஸ் நின்ற அந்த ஊரில் ரோட்டுக்கு ஒரு பக்கம் குடியிருப்பு, மறுபக்கம் பள்ளிக்கூடம். நடுவே சுண்ணாம்புக்கல் லாரிகள் பேயாகப் பறக்கும். செல்லம்மா என்ற கூலிக்காரப் பெண்ணின் மூத்த பையனுக்கு அதில்தான் ஒரு கால் போனது. வேகத்தடை கேட்டு மனு கொடுத்தார்கள். மனு போனது... வேகத்தடை வரவில்லை. இளையவள் ராணிக்கு இரண்டாம் வகுப்பு. அவளும் அதே ரோட்டைத்தானே தாண்டவேண்டும்?

கதிரவன் வந்தான். ராணியை நிற்கவைத்து, 'நில்' என்று கையைக் காட்டச் சொல்லி, ஆளுயரத் தகரத்தில் வரைந்தான். ஆபத்து என்பதற்குச் சிவப்புப் பாவாடை. தூரத்திலிருந்தே தெரிய, முகத்துக்கு மஞ்சள். டிரைவரை முறைத்துப் பார்க்கப் பெரிய கண்கள். "எழுத்தே வேணாம்டா, படம் பேசும்" என்றான். கம்பம் நட இடம் கிடைத்தது வேப்பமரத்தடியில்.

சிவப்பு, மஞ்சள், உயர்த்திய உள்ளங்கை, வேப்பமரம்... உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவில்லை. டிசைனர் போடுவது பாதிப் படம்தான், மீதியைப் பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு மாதம் எந்த லாரியும் நிற்கவில்லை. பிறகு ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் ஓடி, தகரத்துக்கு முன்னால் தானாக நின்றது. டிரைவர் இறங்கிக் கற்பூரம் ஏற்றினார். அவ்வளவுதான். அப்புறம் எல்லா லாரியும் நின்றது.

செய்தி கேட்டதும் கதிரவன் படத்தை அழிக்க டர்பன்டைன் டப்பாவோடு கிளம்பிவிட்டான். சாமி செய்தவன் என்ற கெட்ட பெயர் அவனுக்குத் தேவையா? நானும் கூடப் போனேன். தகரத்தின் கழுத்தில் புது அரளிமாலை. எதிரே செல்லம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இது சாமி இல்லம்மா" என்றான் கதிரவன்.

"அது எங்களுக்குத் தெரியாதா தம்பி? எம்மவளத்தானே நிக்கவச்சு வரைஞ்சீங்க."

"அப்புறம் யாரு மாலை போட்டது?"

"நாந்தான். லாரிக்காரங்களுக்குத் தெரியாதுல்ல? நீங்க சும்மா இருங்க."

"மூடநம்பிக்கைம்மா இது..."

"சரி, அழிச்சிட்டுப் போங்க. நாளைக்குப் புள்ளைங்க தாண்டையில நீங்க வந்து கையக் காட்டிக்கிட்டு நிப்பீங்களா?"

பள்ளிக்கூட மணி அடித்தது. மூன்று லாரிகள் வரிசையாக வந்து நின்றன. பிள்ளைகள் தாண்ட ஆரம்பித்தார்கள்.

அவன் டப்பாவைத் திறந்தான். துணியை நனைத்து, கற்பூரப் புகையில் கறுத்துப்போயிருந்த அந்த உள்ளங்கையை மட்டும் துடைத்துவிட்டான்.

முதல் லாரியின் டிரைவர் பவ்வியமாகக் கிட்டே வந்தார். "பூசாரி, குங்குமம் குடுத்தீங்கன்னா கெளம்பிடுவேங்க."

கதிரவன் ரோட்டைப் பார்த்தான். எல்லாப் பிள்ளைகளும் தாண்டிவிட்டார்கள். ராணி மட்டும் நடு ரோட்டில் நின்று, கட்டை ஊன்றி மெதுவாக வரும் அண்ணனுக்காகக் காத்திருந்தாள்.

"இருங்க" என்றான். "பூஜை இன்னும் முடியல."